போரின் சாவியைப் பயங்கரவாதியிடம் கொடுக்கலாமா?

2025 மே 10 அன்று மாலை இந்தியாவும் பாகிஸ்தானும் நான்கு நாள் சண்டையை நிறுத்திக்கொண்டன. அதே நாளில், இனி இந்திய மண்ணில் நடத்தப்படும் எந்தவொரு பயங்கரவாதத் தாக்குதலும் நாட்டின் மீதான போர் நடவடிக்கையாகவே கருதப்படும் என்ற செய்தி அரசு வட்டாரங்களின் பெயரால் வெளியிடப்பட்டது. இரண்டு நாள் கழித்து நாட்டு மக்களுக்கு உரையாற்றிய பிரதமர் மோடி, பயங்கரவாதத்திற்கு எதிரான இந்த அணுகுமுறையே இனி ‘புதிய இயல்பு’ என்று அறிவித்தார். ஆபரேஷன் சிந்தூர் முடிந்துவிடவில்லை, நிறுத்தி மட்டுமே வைக்கப்பட்டிருக்கிறது என்றும் சொன்னார். தொலைக்காட்சி அரங்குகள் ஆர்ப்பரித்தன. இதன் பொருள் என்னவென்று கேட்டவர்கள் மிகச் சிலர்.

போர் தொடுப்பதா வேண்டாமா என்பது ஒரு நாடு எடுக்கும் முடிவுகளிலேயே மிகக் கனமானது. இரு தரப்பிலும் அணு ஆயுதங்கள் குவிந்து கிடக்கும்போது அதன் கனம் பன்மடங்காகிறது. அந்த முடிவை நாடாளுமன்றத்திடமிருந்தும் மக்களிடமிருந்தும் பறித்து, துப்பாக்கி ஏந்திய நாலைந்து பேரின் கையில் ஒப்படைப்பதுதான் இந்தப் ‘புதிய இயல்பு’. எந்த நாளில் போர் மூள வேண்டும், எந்தத் தேர்தலுக்கு முன்னால் மூள வேண்டும், எந்தப் பேச்சுவார்த்தை முறிய வேண்டும் என்பதை இனி அவர்கள் தீர்மானித்துக்கொள்ளலாம். எல்லைக்கு அப்பால் அவர்களை வளர்த்துவிடும் தளபதிகளும் தீர்மானித்துக்கொள்ளலாம். 56 அங்குல மார்பைப் பற்றிப் பெருமை பேசியவர்கள் நாட்டின் போர் முடிவை வெளியாருக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள்.

பயங்கரவாதத் தாக்குதல் தானாகப் போரைப் பெற்றெடுப்பதில்லை. தாக்குதலுக்கும் போருக்கும் இடையே எப்போதும் சில நாட்கள், சில வாரங்கள் இருக்கின்றன. அந்த இடைவெளியில் ஆட்சியாளர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அடுத்தது நடக்கிறது. 1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் சுட்டுக்கொல்லப்பட்டார். செர்பியா மீது ஆஸ்திரியா போர் அறிவித்தது சரியாக ஒரு மாதம் கழித்து, ஜூலை 28 அன்று. இடையில் விடுக்கப்பட்ட இறுதி எச்சரிக்கையின் நிபந்தனைகளில் பெரும்பாலானவற்றைச் செர்பியா ஏற்றுக்கொண்டது. அந்தப் பதிலைப் படித்த ஜெர்மானியப் பேரரசர் வில்ஹெல்மே, போருக்கான காரணம் எல்லாம் மறைந்துவிட்டது என்று குறிப்பு எழுதினார். ஆனாலும் போர் வந்தது. காரணம் மறைந்தாலும் தேவை மறையவில்லை. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் மாண்ட அந்தப் போருக்குச் சரயேவோவின் துப்பாக்கி ஒரு சாக்கு மட்டுமே. அதற்கு எதிராகக் குரல் கொடுத்த ஜோரஸ் ஜூலை 31 அன்று பாரிஸில் கொல்லப்பட்டார். போர் நிதிக்கு வாக்களிக்க மறுத்த போல்ஷ்விக் பிரதிநிதிகள் சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டனர். தேசத்துரோகி என்ற பட்டம் இன்று நேற்று கண்டுபிடிக்கப்பட்டதல்ல.

2001 செப்டம்பர் 11 தாக்குதலில் விமானங்களைக் கடத்திய 19 பேரில் 15 பேர் சவூதி அரேபியர்கள். ஆப்கானியரோ இராக்கியரோ ஒருவர்கூட இல்லை. ஆனால் குண்டுகள் விழுந்தது ஆப்கானிஸ்தானிலும் இராக்கிலும்தான். இருபது ஆண்டு ஆக்கிரமிப்புக்குப் பின் 2021இல் காபூல் மீண்டும் தாலிபான் கைக்கே போனதை உலகம் பார்த்தது.

போரில்லாமலே மாண்ட வீரர்கள்

இந்தியாவின் சொந்த அனுபவமும் இதில் குறைவில்லை. 2001 டிசம்பர் 13 அன்று ஐந்து பயங்கரவாதிகள் நாடாளுமன்ற வளாகத்திற்குள் நுழைந்தனர். காவலர்களும் ஊழியர்களுமாக ஒன்பது பேர் உயிர் கொடுத்து நாடாளுமன்றத்தைக் காப்பாற்றினர். வாஜ்பாய் அரசு சுமார் 5 லட்சம் படையினரை எல்லைக்கு அனுப்பியது. அதற்கு ஆபரேஷன் பராக்ரம் என்று பெயர். பத்து மாதங்கள் அவர்கள் அங்கே நிறுத்தி வைக்கப்பட்டார்கள். பஞ்சாபிலும் ராஜஸ்தானிலும் எல்லையோர விளைநிலங்களில் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டன. விவசாயிகள் தங்கள் வயல்களில் கால் வைக்க முடியாமல் போனது. கடைசியில் போர் நடக்கவில்லை. ஆனால் அந்த மாதங்களில் 798 வீரர்கள் உயிரிழந்ததாகப் பாதுகாப்பு அமைச்சர் ஜார்ஜ் பெர்னாண்டஸ் 2003இல் நாடாளுமன்றத்தில் கணக்குச் சொன்னார். போரே நடக்காமல் இத்தனை உயிர்கள் பறிபோனதற்கு யாரும் பதவி விலகவில்லை.

பராக்ரம் நடந்துகொண்டிருந்தபோதே, 2002 மே 14 அன்று, ஜம்முவுக்கு அருகே காலுசக் ராணுவக் குடியிருப்பில் மூன்று பயங்கரவாதிகள் புகுந்தனர். முப்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் வீரர்களின் மனைவியரும் குழந்தைகளும். ஒரு வாரத்தில் குப்வாரா சென்ற வாஜ்பாய், தீர்மானகரமான போருக்கான நேரம் வந்துவிட்டதாகப் படையினரிடம் பேசினார். மேற்கத்திய நாடுகள் தங்கள் குடிமக்களை இந்தியாவை விட்டு வெளியேறச் சொல்லின. ஐந்து மாத இடைவெளியில் எட்டுப் பேர் இரு அணு ஆயுத நாடுகளை இருமுறை போரின் விளிம்புக்கு இழுத்து வந்தார்கள். அன்று ‘பயங்கரவாதம் என்றால் போர்’ என்பது கொள்கையாக அறிவிக்கப்பட்டிருக்கவில்லை. அறிவிக்கப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைச் சங்கப் பரிவாரத்தின் வீரர்கள் விளக்கட்டும்.

அந்தப் பரபரப்பின் நிழலில்தான் பொடா சட்டம் 2002 மார்ச் 26 அன்று இரு அவைகளின் கூட்டுக் கூட்டத்தில் நிறைவேற்றப்பட்டது. குஜராத் எரிந்துகொண்டிருந்த நாட்கள் அவை.

இதற்கு நேர் எதிரானது மும்பை. 2008 நவம்பர் 26 அன்று பத்துப் பேர் கடல் வழியே வந்து 166 உயிர்களைப் பறித்தார்கள். சண்டை முடியும் முன்பே ஓட்டல் வாசலில் நின்று செய்தியாளர்களைச் சந்தித்தார் அன்றைய குஜராத் முதல்வர் மோடி. டில்லி வாக்குப்பதிவுக்கு முதல் நாள் நாளேடுகளில் ரத்தக் கறை படிந்த விளம்பரம் கொடுத்தது பாஜக. ஆனாலும் டில்லி மக்கள் அவர்களைத் தோற்கடித்தார்கள். நான்காம் நாளே உள்துறை அமைச்சர் சிவராஜ் பாட்டீல் பதவி விலகினார். மகாராஷ்டிர முதல்வரும் துணை முதல்வரும் விலகினார்கள். அதே அரசு ஊபா சட்டத்தின் பற்களைக் கூர்தீட்டியது என்பதை இடதுசாரிகள் மறக்க மாட்டார்கள். அந்தச் சட்டம் பிற்பாடு யார் மீதெல்லாம் பாய்ந்தது என்பதும் ஊரறிந்தது. ஆனால் விமானங்கள் பறக்கவில்லை. துக்காராம் ஓம்பளே என்ற காவலர் தன் உடலில் குண்டுகளை வாங்கிக்கொண்டு கசாபை உயிரோடு பிடித்துக் கொடுத்தார். விசாரணை நடந்தது. சான்றுகள் தொகுக்கப்பட்டு உலகின் முன் வைக்கப்பட்டன. சதியின் ஒரு பகுதி தங்கள் மண்ணில் தீட்டப்பட்டது என்று 2009 பிப்ரவரியில் பாகிஸ்தானின் உள்துறை அமைச்சரே வாய் திறந்து ஒப்புக்கொள்ள நேர்ந்தது. எந்த ஏவுகணையும் அப்படியொரு வாக்குமூலத்தை வாங்கித் தந்ததில்லை. அதே வழக்கில்தான் 2025 ஏப்ரல் 10 அன்று தஹாவூர் ராணா அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு நாடு கடத்தி வரப்பட்டார். அதை மோடி அரசே தன் சாதனையாகக் கொண்டாடியது.

பன்னிரண்டு நாள் கழித்து பஹல்காம்.

புல்வாமாவில் போட்ட பாதை

பஹல்காமுக்கு முன் புல்வாமாவைச் சற்றே நினைவுகூர வேண்டும். பாதை அங்கேதான் போடப்பட்டது. 2019 பிப்ரவரி 14 அன்று மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் 40 பேர் கொல்லப்பட்டார்கள். சுமார் 2,500 பேரைச் சாலை வழியே ஒரே அணிவகுப்பில் அனுப்பியது ஏன் என்ற கேள்வி எழுந்தது. விமானம் கேட்கப்பட்டது, உள்துறை அமைச்சகம் மறுத்துவிட்டது, தவறு நம்முடையது என்று சொன்னபோது பிரதமர் தன்னை வாயை மூடிக்கொண்டிருக்கச் சொன்னார் என்று நான்கு ஆண்டு கழித்துப் பேட்டியளித்தார் சத்யபால் மாலிக். அவர் எதிர்க்கட்சிக்காரர் அல்ல. மோடி அரசே நியமித்த அன்றைய ஜம்மு காஷ்மீர் ஆளுநர். அந்தக் கேள்வியைப் பாலகோட்டின் குண்டுச் சத்தம் விழுங்கிவிட்டது. பிப்ரவரி 27 அன்று பத்காமில் நம் ஏவுகணையே நம் ஹெலிகாப்டரை வீழ்த்தி விமானப்படையினர் ஆறு பேரையும் பொதுமகன் ஒருவரையும் கொன்றது. அது மாபெரும் தவறு என்று விமானப்படைத் தளபதி வெளிப்படையாக ஒப்புக்கொண்டது அக்டோபரில். இடையில் தேர்தல் முடிந்திருந்தது. முதல் முறை வாக்களிக்கும் இளைஞர்கள் தங்கள் வாக்கைப் பாலகோட் வீரர்களுக்குக் காணிக்கையாக்க வேண்டும் என்று ஏப்ரலில் லாத்தூரில் பிரதமர் கேட்டதும் இந்த இடைவெளியில்தான்.

பைசரனில் காவல் இல்லை

2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமுக்கு மேலே பைசரன் புல்வெளியில் 26 பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். மதம் கேட்டுக் கொன்றார்கள். மன்னிக்கவே முடியாத மிருகத்தனம் அது. சுற்றுலாப் பயணிகளைக் காப்பாற்ற முயன்ற உள்ளூர்க் குதிரைக்காரர் ஒருவரும் கொல்லப்பட்டார். அவர் காஷ்மீரி முஸ்லிம். உலகிலேயே படைகள் அடர்த்தியாகக் குவிக்கப்பட்ட நிலப்பரப்புகளில் ஒன்றான காஷ்மீரில், நூற்றுக்கணக்கானோர் கூடும் அந்தப் புல்வெளியில், ஒரு காவலர்கூட இருக்கவில்லை. 370ஆவது பிரிவை நீக்கியதும் பயங்கரவாதத்தின் முதுகெலும்பு முறிந்துவிட்டது என்று ஆறு ஆண்டுகளாக மேடைதோறும் முழங்கியவர்களின் ஆட்சியில் இது நடந்தது. ஜம்மு காஷ்மீரில் காவல்துறை மாநில அரசிடம் இல்லை. அது முழுக்க முழுக்க ஒன்றிய உள்துறையின் கையில் இருக்கிறது.

மறுநாள் காஷ்மீரில் நடந்ததை நாடு முழுவதும் உற்றுப் பார்த்திருக்க வேண்டும். பள்ளத்தாக்கு முழுவதும் கடைகள் அடைக்கப்பட்டன. நாளேடுகள் முதல் பக்கத்தைக் கறுப்பாக்கி வெளிவந்தன. பள்ளிவாசல்களிலிருந்து கண்டனம் ஒலித்தது. எங்கள் பெயரால் இது வேண்டாம் என்று மக்கள் வீதிக்கு வந்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக எத்தனையோ கடையடைப்புகளைக் கண்ட பூமி அது. பயங்கரவாதத்தை எதிர்த்து, தாங்களாகவே முன்வந்து, இவ்வளவு பரந்த அளவில் அங்கே கடையடைப்பு நடந்ததில்லை. துப்பாக்கி ஏந்தியவனுக்கு ஒளிய இடம் கொடுப்பதும் மறுப்பதும் மக்கள்தான். அந்த மக்கள் வெளிப்படையாக அவனைக் கைவிட்ட நாள் அது. இதைவிடப் பெரிய வெற்றி எந்தப் படைக்கும் கிடைக்காது.

அந்த வெற்றியை ஆட்சியாளர்கள் என்ன செய்தார்கள்? பயங்கரவாதிகள் என்று சந்தேகிக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் வசித்த வீடுகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். விசாரணையின்றி வீடுகளை இடிப்பது அரசமைப்புக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து ஆறு மாதங்கள்கூட ஆகியிருக்கவில்லை. நூற்றுக்கணக்கானோர் பிடித்து வைக்கப்பட்டார்கள். டேராடூனிலும் சண்டிகரிலும் படித்துக்கொண்டிருந்த காஷ்மீர் மாணவர்கள் மிரட்டப்பட்டார்கள். கணவனைப் பறிகொடுத்த ஓர் இளம்பெண், கடற்படை அதிகாரி ஒருவரின் மனைவி, முஸ்லிம்களையும் காஷ்மீரிகளையும் குறிவைக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். சமூக ஊடகங்களில் காவிக் கூட்டம் அவரையே கடித்துக் குதறியது. பைசரனில் மதம் கேட்டவனின் நோக்கம் நாட்டை மத அடிப்படையில் பிளப்பது. அவன் தொடங்கிய வேலையை இவர்கள் தொடர்ந்தார்கள்.

பிரதமர் ஏப்ரல் 24 அன்று பீகாரில் மதுபனி மேடையில் சூளுரைத்தார். அன்றே டில்லியில் நடந்த அனைத்துக் கட்சிக் கூட்டத்திற்கு அவர் வரவில்லை. மே 8 அன்று நடந்த இரண்டாவது கூட்டத்திற்கும் வரவில்லை. நாடாளுமன்றத்தின் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டுங்கள் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. ஜூலை இறுதிவரை விவாதம் நடக்கவில்லை. பீகாரில் அந்த ஆண்டு தேர்தல் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளலாம்.

மே 7 அதிகாலையில் ஒன்பது இடங்கள் தாக்கப்பட்டன. நூற்றுக்கும் மேற்பட்ட பயங்கரவாதிகள் கொல்லப்பட்டதாக அரசு சொல்கிறது. பாகிஸ்தான் ராணுவம் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டிப் பீரங்கிகளால் பொழிந்தது. மே 8க்குள் 3 பெண்களும் 5 குழந்தைகளும் உட்பட 16 பொதுமக்கள் அதில் இறந்ததாக அரசே அறிவித்தது. பூஞ்ச் நகரம்தான் மிகக் கொடூரமாகச் சிதைந்தது. குருத்வாராவும் தப்பவில்லை. பதிலடி வரும் என்று தெரிந்தே நடத்தப்பட்ட தாக்குதல் அது. எனில், எல்லையோர மக்களை முன்கூட்டியே வெளியேற்றாதது ஏன்? போதுமான பதுங்குகுழிகள் கட்டாதது ஏன்? நொய்டாவின் குளிரூட்டப்பட்ட அரங்குகளில் போலி அபாயச் சங்கை ஊதிக்கொண்டிருந்த தொகுப்பாளர்களுக்குப் பூஞ்ச் எங்கே இருக்கிறது என்பதில் அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. அவர்கள் கராச்சித் துறைமுகத்தைத் தரைமட்டமாக்கினார்கள், இஸ்லாமாபாத்தைக் கைப்பற்றினார்கள். எல்லாம் திரையில்.

மே 10 அன்று சண்டை நின்ற செய்தியை இந்திய மக்கள் முதலில் கேட்டது அமெரிக்க அதிபர் டிரம்பின் பதிவிலிருந்து. இந்திய வெளியுறவுச் செயலர் அதன் பிறகே அறிவித்தார். காஷ்மீர் இருதரப்புப் பிரச்சினை, மூன்றாம் தரப்புக்கு இடமில்லை என்பது 1972 சிம்லா ஒப்பந்தம் தொட்டு இந்தியா காத்து வந்த நிலை. அதை வாஷிங்டன் வாசலில் கொண்டுபோய் வைத்தது நான்கு நாள் போர்தான். அறிவிப்பைப் படித்த குற்றத்திற்காக வெளியுறவுச் செயலரும் அவரது குடும்பத்தாரும் சமூக ஊடகங்களில் வசைபாடப்பட்டார்கள். தங்கள் அதிகாரிக்காக ஓர் அமைச்சர்கூட வாய் திறந்ததாகத் தெரியவில்லை.

இனி இந்த முழுக் கதையின் மையத்திற்கு வரலாம். பைசரனில் சுட்டவர்கள் எங்கே இருந்தார்கள்? மே 7 அன்று குண்டு விழுந்த ஒன்பது இடங்களில் எதிலும் இல்லை. போர் தொடங்கியபோதும் போர் நின்றபோதும் அவர்கள் காஷ்மீருக்குள்ளேயே இருந்தார்கள். போர் நின்று 79 நாட்களுக்குப் பின், ஜூலை 28 அன்று, ஸ்ரீநகரை ஒட்டிய தாச்சிகாம் வனப்பகுதியில் ராணுவமும் மத்திய ரிசர்வ் படையும் காஷ்மீர் போலீசும் சேர்ந்து மூவரைச் சுட்டு வீழ்த்தின. அவர்களிடம் கைப்பற்றப்பட்ட துப்பாக்கிகளின் தோட்டாக்கள் சண்டிகர் ஆய்வகத்தில் ஒப்பிடப்பட்டு, அவையே பஹல்காமில் பயன்பட்டவை என்று உறுதி செய்யப்பட்டதாக மறுநாள் மக்களவையில் சொன்னவர் அமித் ஷா. கொலையாளிகளைக் கண்டுபிடித்தது உளவுத் தகவலும் பொறுமையான தேடுதலும் தடய அறிவியலும். போர் அதற்கு ஒரு நாள்கூட உதவவில்லை. இதை எதிர்க்கட்சிகள் சொல்லவில்லை. உள்துறை அமைச்சர் அவையில் தானே வாசித்த கணக்கு இது.

லாபம் யாருக்கு

பாகிஸ்தானில் 2025 தொடக்கத்தில் ராணுவத் தலைமை மக்களிடம் கெட்ட பெயர் வாங்கியிருந்தது. இம்ரான் கான் சிறையில் இருந்தார். தேர்தல் மோசடிக் குற்றச்சாட்டுகள் ஓயவில்லை. போர் நின்ற பத்தாம் நாள் ராணுவத் தளபதி ஆசிம் முனீர் பீல்டு மார்ஷல் ஆக்கப்பட்டார். ஜூனில் வெள்ளை மாளிகையில் டிரம்ப் அவருக்கு விருந்து வைத்தார். நவம்பரில் அந்நாட்டு அரசமைப்பே திருத்தப்பட்டு, வாழ்நாள் முழுவதும் வழக்கிலிருந்து விலக்கும் முப்படைகளின் மேலான அதிகாரமும் அவருக்கு வழங்கப்பட்டன. பயங்கரவாதக் குழுக்களைப் பல பத்தாண்டுகளாகப் பாலூட்டி வளர்த்த நிறுவனத்தைத் தண்டிக்கப்போவதாகச் சொல்லி நடத்திய போர் அதன் தலைவருக்கு முடிசூட்டிவிட்டது. சண்டை நடந்துகொண்டிருந்தபோதே, மே 9 அன்று, பாகிஸ்தானுக்கு 100 கோடி டாலரைச் சர்வதேச நிதியம் விடுவித்தது. இந்தியாவால் வாக்களிக்காமல் ஒதுங்கி நிற்க மட்டுமே முடிந்தது. ‘விஸ்வகுரு’வின் ராஜதந்திரம் அவ்வளவுதான்.

இங்கே? குண்டு விழுந்த அன்றே ‘ஆபரேஷன் சிந்தூர்’ என்ற பெயரை வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய ரிலையன்ஸ் குழும நிறுவனம் விண்ணப்பித்தது. எதிர்ப்பு கிளம்பியதும், கீழ்நிலை ஊழியர் ஒருவர் தெரியாமல் செய்துவிட்டார் என்று திரும்பப் பெற்றது. கீழ்நிலை ஊழியர்கள் இப்படி அம்பானிக்கே தெரியாமல் அம்பானிக்கு லாபம் தேடுவது வியப்புக்குரியதுதான். 2025–26 நிதிநிலை அறிக்கையிலேயே பாதுகாப்புத் துறைக்கு 6.81 லட்சம் கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டிருந்தது. போருக்குப் பின் அந்தத் தொகை வளரும் திசை ஒன்றே ஒன்றுதான். அந்த நிதியிலிருந்து மேகவெடிப்புக்கும் பீரங்கிக்கும் இடையே வாழும் பூஞ்ச் விவசாயிக்கு ஒரு பதுங்குகுழியாவது கிடைக்குமா என்பது வேறு.

அப்படியானால் கையைக் கட்டிக்கொண்டிருக்கச் சொல்கிறீர்களா என்று கேட்பார்கள். கேட்கட்டும். லஷ்கர்-இ-தொய்பாவின் ஹபீஸ் சயீதுக்கு 2020இல் சிறைத் தண்டனை விதித்தது பாகிஸ்தானின் சொந்த நீதிமன்றம். பயங்கரவாதத்திற்கு நிதி போவதைக் கண்காணிக்கும் சர்வதேச அமைப்பு 2018 முதல் 2022 வரை அந்நாட்டைச் சாம்பல் பட்டியலில் வைத்து நெருக்கியதால் வந்த தண்டனை அது. பணம் வரும் வழியை அடைப்பது, சான்றுகளோடு உலகை அணுகுவது, உள்ளூர் மக்களின் நம்பிக்கையைப் பெறுவது, பறித்த மாநில உரிமையைத் திரும்பக் கொடுப்பது, பாதுகாப்பில் கோட்டை விட்டவர்களைப் பொறுப்பாக்குவது ஆகிய எதற்கும் தொலைக்காட்சியில் பின்னணி இசை போட முடியாது. அதனால்தான் ஆட்சியாளர்களுக்கு அவற்றில் ஆர்வமில்லை.

2025 நவம்பர் 10 அன்று டில்லி செங்கோட்டை அருகே கார் வெடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஒன்றிய அமைச்சரவையே அதைப் பயங்கரவாதச் செயல் என்று தீர்மானம் போட்டுக் கண்டித்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் இந்தியக் குடிமக்கள். ‘புதிய இயல்பு’ அன்று பேசப்படவில்லை. வழக்கு தேசியப் புலனாய்வு முகமையிடம் போனது, விசாரணை நடக்கிறது. அப்படித்தான் நடக்க வேண்டும். அப்படியானால் மே மாதத்தில் உலகுக்கு அறிவித்த கொள்கை எங்கே போயிற்று? போர் தவிர்க்க முடியாதது அல்ல, வேண்டும்போது எடுத்து வேண்டாதபோது உறையில் வைக்கும் வாள் அது என்பதை அரசே காட்டிவிட்டது. வேண்டுவது யாருக்கு, எப்போது என்பதை வாக்காளர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

கார்கில் போர் 1999 ஜூலை 26 அன்று முடிந்தது. மூன்றாம் நாள் வாஜ்பாய் அரசு கே.சுப்பிரமணியம் தலைமையில் ஆய்வுக் குழு அமைத்தது. அதன் அறிக்கை 2000 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. குறைகள் இருந்தாலும், தவறு எங்கே நடந்தது என்று தேடிய அறிக்கை அது. பஹல்காமில் நடந்தது பாதுகாப்புத் தோல்விதான், முழுப் பொறுப்பையும் தான் ஏற்பதாக 2025 ஜூலையில் ஜம்மு காஷ்மீர் துணைநிலை ஆளுநர் பேட்டியளித்தார். பொறுப்பேற்றவர் அதன் பிறகும் பதவியில் நீடித்தார். போர் விமானங்களை இழந்தோம் என்ற செய்தியை முப்படைத் தலைமைத் தளபதி சிங்கப்பூரில் வெளிநாட்டு ஊடகத்திடம் சொன்னார். எத்தனை என்று நாடாளுமன்றத்தில் கேட்டபோது விடை வரவில்லை. கார்கில் குழுவைப் போன்ற ஒரு குழுவை அமையுங்கள் என்ற எதிர்க்கட்சிகளின் கோரிக்கைக்கும் அரசு செவிசாய்க்கவில்லை. பைசரனில் அன்று காவல் இல்லாமல் போனது யாருடைய உத்தரவால், யாருடைய அலட்சியத்தால் என்று கொல்லப்பட்ட 26 பேரின் குடும்பங்களுக்கு எழுத்தில் பதில் சொல்லும் கடமை ஒன்றிய உள்துறை அமைச்சருக்கு இருக்கிறது.